போராட்டப் படங்களை எங்கே மாட்டுவது? அருங்காட்சியகமா, நாகர்கோவில் அரங்கமா, ஊர் ஊராகவா

குமரி மாவட்டத்துப் போராட்டங்களின் புகைப்படங்களைத் திரட்டி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு தொடங்கி, இப்போது எங்கே வைப்பது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு ஓர் இடத்தில்தான் பெரிதாகச் செய்ய முடியும். கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம், நாகர்கோவிலில் ஒரு நூலக அல்லது கல்லூரி அரங்கம், வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போவது என்று மூன்று யோசனைகள். பத்மநாபபுரம் அரண்மனையையும் ஒருவர் சொன்னார். நேரில் பேசும்போது பாதியில் விட்டதையெல்லாம் சேர்த்து என் தரப்பை இங்கே எழுதுகிறேன். வேறு மாவட்டங்களில் இதே மாதிரி யோசிக்கிறவர்களுக்கும் பயன்படலாம்.

இடத்துக்கு முன்னால், எதை மாட்டப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். அதுதான் இடத்தையே தீர்மானிக்கிறது.

போராட்டம் என்றதும் நம்ம மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம். 1822-ல் கல்குளம் பக்கம் மூண்டு, அடங்கி, மறுபடி மூண்டு, 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாளின் பிரகடனத்தில் வந்து முடிந்தது. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால் வந்த பிரகடனம் அது. அதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது: நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மேலே சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது. இவ்வளவு பெரிய போராட்டத்துக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. கேமரா அப்போது தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, 1858-ல் லின்னேயஸ் டிரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோயில்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மதுரையில் கல்தூண்களுக்கு வாய்த்த கேமரா, அதே காலத்தில் இங்கே அடிபட்ட பெண்களுக்கு வாய்க்கவில்லை.

அந்தச் சுவரில் என்ன மாட்டுவது என்பதில்தான் எனக்கும் வட்டத்தில் சிலருக்கும் முதல் கருத்து வேறுபாடு. இணையத்தில் மேலாடை இல்லாத பெண்களின் பழைய படங்கள் நிறையச் சுற்றுகின்றன, தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும் அதில் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். எந்த ஊரில், எந்த வருஷம், யார் எடுத்தது என்று ஒரு விவரமும் இருக்காது. அது பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காக அடி வாங்கிய பெண்களைப் பற்றிய கண்காட்சியில், யாரோ ஒரு பெண்ணை அவள் சம்மதமில்லாமல் திறந்த மார்போடு சுவரில் தொங்கவிடுவது அந்தப் பெண்கள் போராடியதற்கே எதிரான காரியம். இப்போது செயற்கை நுண்ணறிவில் படம் செய்து மாட்டலாம் என்றும் ஒரு யோசனை வருகிறது, அதற்கும் நான் உடன்பட மாட்டேன். அந்தச் சுவரில் பிரகடனத்தின் வாசகத்தைப் பெரிய எழுத்தில் போடுவோம். மேலே சொன்ன அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்து. படம் இல்லை என்று நேராக எழுதுவோம். சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த அய்யா வைகுண்டருக்கும் இதுவே பொருந்தும். அவர் மறைந்தது 1851-ல், அவருக்கும் புகைப்படம் கிடையாது. சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்த முத்திரிக்கிணறு இன்றும் இருக்கிறது, அதை இப்போது போய்ப் படமெடுத்து, எடுத்த வருஷத்தைப் போட்டு மாட்டலாம்.

அடுத்த காலம் 1924-25 வைக்கம், அதையொட்டி 1926-ல் நம்ம சுசீந்திரம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த சத்தியாகிரகம், முன்னின்றவர் டாக்டர் எம்.இ.நாயுடு. 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1937 ஜனவரியில் காந்தியின் திருவிதாங்கூர் வருகை. இந்தக் காலத்துக்குப் படம் கிடைக்கும், ஆனால் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படமாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

அப்புறம் 1954. இங்குள்ள தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் நடத்தியது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அப்போது நம்ம பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அவர் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த லோகியாவே, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நேசமணி, நத்தானியல் போன்ற தலைவர்களின் பெயர் தெரியும். ஊர்வலத்தில் நடந்தவர்களின் பெயர்? குழுப் படத்தில் நேசமணிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கிறவர் யார்?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விட அவசரமாகப் படுகிறது. 1954-ல் பதினைந்து வயதில் ஊர்வலத்தில் ஓடிய பையனுக்கு இன்று எண்பத்தைந்து தாண்டிவிட்டது. படத்தைப் பார்த்து, இது நம்ம பாட்டா, இது அவருக்குத் துணையாகப் போன விளைக்காரர் என்று விரல் வைத்துச் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் சில வருஷம்தான் இருப்பார்கள். சுவருக்கும் விளக்குக்கும் பிறகும் ஏற்பாடு செய்யலாம், இந்த ஆட்களைப் பிறகு கொண்டுவர முடியாது.

1956-க்குப் பிறகு போராட்டமே நடக்காத மாதிரி நம்ம ஊர்க் கண்காட்சிகள் அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். நாம் அப்படி நிறுத்தக் கூடாது. 1989-ல் தேசிய மீன்தொழிலாளர் பேரவை நடத்திய பயணம், நீரைக் காப்போம் உயிரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு ஒரு அணி வங்காளத்திலிருந்தும் ஒரு அணி மும்பையிலிருந்தும் கரையோரமாக வந்து, மே 1 அன்று கன்னியாகுமரியில் சேர்ந்தது. கூடங்குளத்துக்கு சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டு ஆறு மாதம்கூட ஆகாத நேரம், அணு உலை எதிர்ப்பும் அந்த முழக்கத்தில் இருந்தது. பேரணி துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அப்புறம் 2012 செப்டம்பரில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்றது (அது திருநெல்வேலி மாவட்டம்தான், ஆனால் நம்ம கடப்புறத்தை, அதாவது கடற்கரை ஊர்களை, அதிலிருந்து பிரிக்க முடியாது), 2016-ல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபிறகு நடந்தவை, 2017-ல் ஓகிப் புயலுக்குப் பிறகு, காணாமல் போன மீனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. இந்தக் காலத்துக்குப் படம் இல்லாத குறை கிடையாது, ஒவ்வொரு செல்போனிலும் இருக்கிறது. இங்கே பிரச்சினை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி இடங்கள்.

பத்மநாபபுரத்தை முதலில் கழித்துவிடலாம். ஆசை எனக்கும் புரிகிறது, திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனையில் திருவிதாங்கூரை எதிர்த்தவர்களின் படம் என்றால் யாருக்கும் மனம் துள்ளும். ஆனால் அது நம்ம மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. அனுமதி திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும், அதிலும் 1954 எல்லைப் போராட்டப் படங்களுக்கு. நேரம் வீண்.

கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம், காந்தி மண்டபம் பக்கம், 1991-ல் தொடங்கியது. இதற்கு ஆதரவாகச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பூட்டும் காவலும் உள்ள கட்டடம். வெளியூர்க்காரர்கள் தினமும் வருகிற ஊர், நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப சீசனில் கூட்டம் தாங்காது. 1989 பேரணி முடிந்த அதே ஊரில் அந்தப் பேரணியின் படம் தொங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, அது எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத இடம்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் எல்லோரும் இதைத் தொடாமல் நகர்ந்துவிட்டார்கள். நம்ம மாவட்டத்தில் 1982-ல் மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவ மோதல் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் பிறந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை, பின்னால் பிறந்தவர்களுக்கும் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். கண்காட்சியைப் பாரிஷ் ஹாலில் வைத்தால் கோயில் பக்கத்து ஆட்கள் வாசல் வரை வந்து திரும்பிவிடுவார்கள், கோயில் மண்டபத்தில் வைத்தால் கடப்புறத்து ஆட்கள் வர மாட்டார்கள், அய்யாவழியினர் வழிபடும் நிழல்தாங்கலில் வைத்தால் அது ஒரு தரப்புக்கு மட்டும் என்று நினைப்பார்கள். ஆனால் படங்களோ எல்லோருக்கும் பொது. தோள்சீலையில் கிறிஸ்தவப் பெண்களும் இந்துப் பெண்களும் இருந்தார்கள், 1954-லும் அப்படித்தான். ஊர் ஊராகப் போகும் யோசனையின் பெரிய பலவீனம் இதுதான். கடற்கரை ஊர்களில் தெரிந்தவர்கள் அதிகம், பங்குத்தந்தை ஹால் தருவார் என்ற சௌகரியத்தில் போனால், கண்காட்சி தன்னாலே ஒரு பக்கத்துக் கண்காட்சியாகிவிடும். அரசு அருங்காட்சியகத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எதிராகச் சொல்ல என்ன இருக்கிறது? சுற்றுலாக்காரர் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நின்று, நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் உள்ளே வருகிறவர். அவருக்குப் புதுக்கடை எங்கே இருக்கிறது என்றே சொல்லித்தான் தொடங்க வேண்டும். சரி, அதில் தப்பில்லை, தெரியாதவருக்குச் சொல்வதும் கண்காட்சியின் வேலைதான். ஆனால் விளவங்கோட்டுக் கிழவர் இரண்டு பஸ் மாறி அங்கே வருவாரா? வரமாட்டார். அப்போது மூன்றாவது வரிசையில் நிற்கிறவர் பெயரில்லாமலே நிற்பார்.

இன்னொன்று, அது அரசு அருங்காட்சியகம். மரச்சிற்பங்களும் நாணயங்களும் இருக்கும் இடத்தில் ஆலயப் பிரவேசத்தையும் நவம்பர் 1-ஐயும் மகிழ்ச்சியாக மாட்டுவார்கள். போலீஸ் சுட்ட 1989, அரசுத் திட்டங்களை எதிர்த்த இனயம், கூடங்குளம் என்று வரும்போது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்ற பதில்தான் வரும் என்பது என் கணிப்பு. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை அப்படி. மெல்ல மெல்லக் கழித்து, கடைசியில் 1956-லேயே நின்றுவிடும் கண்காட்சி ஒன்று மிஞ்சும்.

அருங்காட்சியகத்தின் வெளிச்சம், குளிர்ச்சி பற்றியும் சொன்னார்கள். பழைய மூலப் படங்களை மாட்டுவதாக இருந்தால் அது பெரிய விஷயம், புகைப்படங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது விதி, நம்ம உப்புக்காற்றும் ஈரமும் பூஞ்சையை வளர்த்துவிடும். ஆனால் நாம் மூலத்தை மாட்டவே கூடாது. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்கேனரை வீட்டுக்கு எடுத்துப் போய், அவர்கள் கண் முன்னாலேயே எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் எடுத்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும், 12-க்கு 18 அங்குலம் வரை தாராளமாகப் பெரிதாக்கலாம். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சில், பேனா வேண்டவே வேண்டாம். மாட்டுவது பிரதி என்றான பிறகு, அது நனைந்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில் அரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பஸ் வசதி, மாணவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், எல்லாம் உண்டு. கருத்தரங்கம் நடத்துவதென்றால் அதை விட்டால் இடமில்லை. ஆனால் புத்தக வெளியீட்டுக்கு வருகிறவர்களே இதற்கும் வருவார்கள். புத்தகத் திருவிழா நேரத்தில் ஒரு கடையளவு இடம் பிடித்து வைத்தால் குடும்பத்தோடு வருகிறவர்கள் பார்ப்பார்கள், அது தனியாக அரங்கம் எடுப்பதை விட நல்லது.

ஆக, நான் ஊர் ஊராகப் போவதற்குத்தான் கை தூக்குகிறேன். மேலே சொன்ன பலவீனத்தைத் தெரிந்துகொண்டே தூக்குகிறேன், அதனால் இடம் தேர்வில் சில கட்டுப்பாடுகள் வேண்டும் என்கிறேன். பாரிஷ் ஹாலோ கோயில் மண்டபமோ முதல் இடமாக இருக்கக் கூடாது. கிளை நூலகம், ஊர்ப் படிப்பகம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம், கடப்புறத்தில் மீன் ஏலக்கூடம். ஒரு கடற்கரை ஊர் என்றால் அடுத்தது ஒரு உள்நாட்டு ஊர். புதுக்கடை, மார்த்தாண்டம், தூத்தூர், குளச்சல், சுசீந்திரம், சாமிதோப்பு, முடிந்தால் மேலே கீரிப்பாறை ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வரை. எல்லா ஊரிலும் எல்லாப் படங்களும் வைக்க வேண்டும். தூத்தூரில் ஓகியும் சுசீந்திரத்தில் சத்தியாகிரகமும் மட்டும் என்று பிரித்தால் அவரவர் படத்தை அவரவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

5 மில்லிமீட்டர் சன்போர்டில், அதாவது லேசான நுரைப்பலகையில் அச்சடித்து, மேலே துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் ஒரு சிறிய வண்டியில் எல்லாம் அடங்கும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், அரசியல் பேனர் என்று நினைத்து யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு குழுப் படத்துக்கும் பக்கத்தில் அதே படத்தின் வெறும் கோட்டுருவம், ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண், கீழே வரிசையாகக் கோடு, கயிற்றில் கட்டிய பென்சில். எண் 14 இன்னார், இன்ன ஊர், இன்னாருடைய மகன் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுத்தால் அழிக்கக் கூடாது, கீழே எழுதட்டும். எழுத முடியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்டு எழுத வேண்டும், செல்போனில் குரலைப் பதிந்துகொள்ளலாம். அருங்காட்சியகத்தில் பார்வையாளர் புத்தகம் வாசலில்தான் இருக்கும், இங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று.

காலம் முக்கியம். அக்டோபர், நவம்பர் மழையில் போக முடியாது. ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையில் தொடங்கலாம் என்றார்கள், நாள் பொருத்தமானதுதான். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் அப்போது ஆழ்கடலில் இருப்பார்கள். அவர்கள் கரையில் இருப்பது ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டியும். தடைக்காலம் சாரல் நேரம். அதனால் கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை என்று வைத்துக்கொண்டால் கடப்புறமும் உள்நாடும் வீட்டில் இருக்கும், வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் வந்திருப்பார்கள். கடப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த நேரம்தான் கூட்டம் வரும்.

இனி தள்ளிவைத்த பிரச்சினை. பழைய படத்தில் முகம் தெரியாதது குறை, புதிய படத்தில் முகம் தெரிவதே ஆபத்து. கூடங்குளம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோகம் உட்பட வழக்குகள் போடப்பட்டன. 2013 மே மாதத் தீர்ப்பில் முடிந்தவரை வழக்குகளைத் திரும்பப் பெறுமாறு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று வருஷக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு. தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் வழக்குக்குரிய விஷயம்தான். அதனால் 1989-க்குப் பிந்தைய எந்தப் படத்திலும் முகம் தெளிவாகத் தெரிகிறவரிடம் கேட்காமல் மாட்டக் கூடாது. கேட்க ஆள் கிடைக்கவில்லையென்றால் முதுகுப்பக்கம் எடுத்த படம், கூட்டம் தூரத்தில் தெரிகிற படம் போதும்.

ஓகிப் படங்கள் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியவை. குழித்துறையில் அழுத பெண்களின் முகம் அன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தேடுங்கள் என்று கேட்கத்தான் அவர்கள் அங்கே போனார்கள், அந்தப் படங்கள் அன்றைக்கு அந்தக் கோரிக்கைக்கு உதவின. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அந்தக் கரையில் இருக்கின்றன, இப்போது அந்த முகத்தை எதற்கு மறுபடி காட்டுகிறோம் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். பொதுவில் வைக்கும் முன் அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் காட்டுவோம். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் எடுத்துவிடுவோம். ஊருக்கே நேரில் போகிறபோதுதான் இதைச் செய்ய முடியும். கன்னியாகுமரியில் மாட்டிவிட்டு தூத்தூரில் அனுமதி கேட்க முடியாது.

அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்கிறேன். பொங்கலுக்குப் பிறகு பெயர்களெல்லாம் சேர்ந்து, படக்குறிப்புகள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தயாரான பிறகு, ஸ்கேன் கோப்புகளின் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்றை அருங்காட்சியகத்துக்கும் கொடுத்து, அங்கே நிரந்தரமாக ஒரு சுவர் கேட்போம். அப்போது கேட்பதற்கு நம்மிடம் பெயர்களும் ஊர்களும் இருக்கும், பின்னால் நிற்கக் குடும்பங்கள் இருக்கும். 1989-ஐயும் அதற்குப் பிந்தையதையும் எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று அவர்கள் சொன்னால் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் இப்போதே கூட்டத்தில் முடிவு செய்து எழுதி வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் சுவர் ஆசையில் மனம் இளகும், கடப்புறத்துப் படங்கள்தான் முதலில் போகும்.

இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக அருங்காட்சியகம்தான் முதல் என்று நினைக்கிறவர்கள், மூன்றாவது வரிசை ஆட்களின் பெயரை அங்கே இருந்துகொண்டு எப்படிச் சேர்ப்பது என்று ஒரு வழி சொல்லுங்கள். நல்ல வழியாக இருந்தால் என் கையை இறக்கிக்கொள்கிறேன்.